ஞாயிற்றுக்கிழமை ஓடிய மார்க்கெட்

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேனரில் என் முகம் தொங்கிக்கொண்டிருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அம்மா, "போட்டோவுல சேலை எடுப்பா இருக்கு டீச்சர்" என்றார். எந்தப் போட்டோ என்று கேட்டேன். நான் அடக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சிரித்தார். பள்ளி விட்டதும் போய்ப் பார்த்தேன்.

கோட்டு போட்ட ஒருவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு காளையும் மேலே ஏறுகிற பச்சைக் கோடுகளும். வலது மூலையில் ஒரு வட்டத்துக்குள் நான். சிரித்துக்கொண்டு வேறு இருந்தேன். "எனக்குக் கணக்குப்பதிவியல் கற்றுத்தந்த ஆசானின் வழியில்" என்று என் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. பங்குச் சந்தையில் மாதந்தோறும் நிலையான வருமானம், இல்லத்தரசிகளும் விவசாயிகளும் வரலாம், ஞாயிறு தோறும் தேனியில் நேரலை டிரேடிங் பயிற்சி, முதல் வகுப்பு இலவசம்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பல வருடங்களாக வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுக்கிறேன். என்னிடம் படித்தவர்களின் பெயர் மறந்துபோகும், முகம் மறக்காது. இவன் என்னிடம் படிக்கவில்லை. எங்கள் பள்ளியில் படித்தவன்தான், ஆனால் கம்ப்யூட்டர் குரூப். போன வருடம் பழைய மாணவர்கள் கூடியபோது, "டீச்சர், ஒரு செல்ஃபி" என்று பக்கத்தில் வந்து நின்றவர்களில் ஒருவன். கேட்ட எல்லோருக்கும் சிரித்தது போல அவனுக்கும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வெட்டி வட்டத்துக்குள் ஒட்டிவிட்டான்.

பேருந்து நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், அந்த டீச்சர் எந்தக் குரூப்புக்குப் பாடம் எடுக்கிறவர் என்று. அப்படிப்பட்ட ஊரில் கூசாமல் ஒரு பொய்யை ஆள் உயரத்துக்குக் கட்டிவைக்கிறவன், யாரும் சரிபார்க்க முடியாத லாபத்தைப் பற்றி என்னவெல்லாம் சொல்லுவான் என்று நினைத்தபோதே எனக்கு உடம்பு சுட்டது. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். எட்டாத உயரத்தில் கட்டியிருந்தார்கள்.

அதிலேயே இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் குரலில் அவ்வளவு பணிவு. என்னைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும், தப்புத்தான் என்றான். நான் உனக்குப் பாடமே எடுக்கவில்லையே தம்பி என்றேன்.

"நேரா எடுக்கலைன்னா என்ன டீச்சர். பக்கத்து க்ளாஸ்ல உங்க குரலைக் கேட்டு வளந்தவன்தானே நானு."

திங்கட்கிழமைக்குள் எடுத்துவிடுகிறேன், அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வந்து பாருங்கள், தப்பாக ஏதாவது நடந்தால் நீங்களே சொல்லுங்கள், அன்றைக்கே மூடிவிடுகிறேன் என்றான். நான் போயிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தபோது அடுத்த வீட்டுப் பெண் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் ராவுத்தர் குடும்பம். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். அவள் கணவர் ஜீப் டிரைவர். விடியும் முன்பே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு மலை ஏறுவார், சாயந்திரம் இறக்கிக்கொண்டு வருவார். வண்டி வேறொருவருடையது. சொந்தமாகப் பழைய ஜீப் ஒன்று வாங்குவதற்காக இருவரும் வருடக்கணக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் என்னைப் பார்த்து மகிழ்ச்சியாகச் சொன்னாள்: "நீங்க இருக்கீகன்னு பாத்துட்டுத்தான் டீச்சர் நானும் சேந்துட்டேன்."

போன வாரமே பணம் கட்டிவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். உங்கள் படமே இருக்கும்போது தனியாக எதற்குக் கேட்க வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம்தானாம், இது வட்டியோ சூதோ என்று. அதை அவனிடமே கேட்டிருக்கிறாள். "வியாபாரம்தான்மா இது, வியாபாரம் உங்க மார்க்கத்துல ஆகும்ல" என்று சொன்னானாம். சந்தையைப் பற்றிக் கேட்டாலும் சரி, மார்க்கத்தைப் பற்றிக் கேட்டாலும் சரி, அவனிடம் யோசிக்காமல் ஒரு பதில் இருந்தது. தெரியாது என்ற சொல்லே அந்த வாயிலிருந்து வராது போல.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போனேன்.

கம்பம் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. ஏசி போட்ட ஹால். உட்கார இடமில்லாமல் சுவர் ஓரம் நின்றார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள் சிலரை எனக்கு அடையாளம் தெரிந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள், மருந்துக்கடை வேலையிலிருந்து நேராக வந்த ஓர் ஆள். எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியரும் பின்வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொன்னார்.

முதல் அரைமணி நேரம் அவன் சந்தையைப் பற்றி எதுவுமே பேசவில்லை. கார் படம் காட்டினான். வெளிநாட்டில் கடற்கரையில் நிற்கும் படம் காட்டினான். அப்பா கூலி வேலைக்குப் போன கதையைச் சொல்லித் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு திராட்சைக்காரர்களைப் பார்த்துத் திரும்பினான். கோட்டுப் போட்ட பேச்சு மாறி, நம் ஊர்ப் பேச்சு வந்தது.

"நீங்க விளைய வைக்கிற பன்னீர் திராட்சைக்கு ரேட்டு வைக்கிறது யாரு? வியாபாரி. நீங்களா வச்சீக? இங்கன வாங்க, நீங்கதான் வியாபாரி."

முன்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த மனிதரின் நிஜமான வயிற்றெரிச்சலை எடுத்துத் தன் கடைக்குத் தூண்டிலாகப் போடுகிறான் என்று எனக்குக் கை பரபரத்தது. அதன் பிறகு திரையில் அவனுடைய லாபங்கள் வந்தன. ஒவ்வொரு படமும் பச்சை. ஒரு நாள்கூட நஷ்டம் இல்லை. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரத்தில் சொல்வது, கணக்குக்குப் பற்று வரவு என்று இரண்டு பக்கம் உண்டு என்பதுதான். ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறவன் கணக்குக் காட்டவில்லை, விளம்பரம் காட்டுகிறான்.

கடைசியாக விளக்குகளை அணைத்துவிட்டு, இப்போது நேரலை என்றான். திரையில் கோடுகள் ஏறி இறங்கி ஓடின. இதோ வாங்குகிறேன் என்றான். கோடு மேலே போனது. இதோ விற்கிறேன் என்றான். எண் பச்சையாக மாறியது. இந்த ஏசியில் உட்கார்ந்தபடி நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு மாதச் சம்பளம் என்றான். ஹால் முழுக்கக் கைத்தட்டல். அடுத்த வீட்டுப் பெண்ணும் தட்டினாள்.

நான் எழுந்து நின்றேன். "தம்பி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மார்க்கெட் லீவு. இது எப்படி ஓடுது?"

ஒரு கணம்தான். அவன் முகத்தில் ஏதோ போய் வந்தது. விளக்கைப் போடச் சொன்னான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். அவனோ என்னை நோக்கிக் கை கூப்பிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்:

"பாத்தீகளா, இவ்வளவு பேருல கண்டுபிடிச்சது யாரு? என் டீச்சர். இவுக கிட்டப் படிச்சவன் உங்களை ஏமாத்துவானா?"

கைத்தட்டல் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது. இந்த முறை எனக்காக. இது பழைய நாள் ஒன்றின் ஓட்டம், பயிற்சிக்காகத் திரும்ப ஓடவிடுவது, நேரலை என்றது வாய்தவறி வந்த சொல் என்று அவன் பேசிக்கொண்டே போனான். நடந்து முடிந்த நாளை ஓடவிட்டால் எங்கே வாங்க வேண்டும் என்று எனக்கும்தான் தெரியும். அதைச் சொன்னேன். இவன் என்னிடம் படிக்கவே இல்லை என்றும் சொன்னேன். மைக் அவன் கையில் இருந்தது. ஒரு முழு வருடத்துக் கணக்கைக் காட்டு, நஷ்டத்தோடு காட்டு என்று கேட்டேன். அதெல்லாம் அடுத்த கட்ட வகுப்பில் வரும் என்றான். ஆலோசனை சொல்ல அரசாங்கத்தில் பதிவு செய்திருக்கிறாயா என்றேன். நான் ஆலோசனை சொல்வதில்லை டீச்சர், கல்வி தருகிறேன் என்றான். அந்தக் கல்வி என்ற சொல்லை அவன் வாயில் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சாக்பீஸ் தூசியில் இருமிக்கொண்டு நாங்கள் செய்கிற வேலையின் பெயர் அது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

திரும்பி வரும் பேருந்தில் வீரபாண்டியிலிருந்து சின்னமனூர் வரைக்கும் அவளிடம் பேசிக்கொண்டே வந்தேன். அவன் காட்டியது பொய், கட்டிய பணத்தை மற, இனிமேல் ஒரு ரூபாய்கூட அதில் போடாதே என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு ஒத்துக்கிட்டாருல்ல டீச்சர். பொய்க்காரனா இருந்தா ஒத்துக்குவானா?" என்றாள்.

பிடிபட்டதையே நேர்மையாக மாற்றிவிட்டான். நான் அவனைக் கெடுக்கப் போய் அவனுக்கு உபகாரம் செய்துவிட்டு வந்திருந்தேன். அன்றைக்கு மட்டும் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று தெரியவில்லை. கீழே இறங்கும்போது மேசை முன்னால் வரிசை நின்றதைப் பார்த்தேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன், பேனர் அப்படியே தொங்கியது.

அடுத்த சில வாரங்கள் அவள் தையல் மெஷின் சத்தம் காலையில் கேட்கவில்லை. மார்க்கெட் திறந்ததிலிருந்து மூடும் வரை போனோடு உட்கார்ந்திருந்தாள். அவன் போனில் ஒரு குரூப் வைத்திருந்தான். வாங்கு, விற்றுவிடு என்று அதில் செய்தி வரும். அவள் செய்தியைப் படித்து வாங்குவதற்குள் விலை எங்கோ போயிருக்கும். முதலில் கொஞ்சம் வந்தது. வந்ததை என்னிடம் காட்டவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது. பிறகு போகத் தொடங்கியது. போனதை எடுக்க இன்னும் போட்டாள். ஒரு வியாழக்கிழமை மதியத்தோடு ஜீப்புக்கு வைத்திருந்தது முழுக்கப் போய்விட்டது.

அதை அவள் குரூப்பில் எழுதியிருக்கிறாள். எல்லோர் முன்னாலும் அவன் குரல் பதிவு ஒன்று போட்டான். அதை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். பெயர் சொல்லவில்லை. சில சகோதரிகளுக்கு மனக் கட்டுப்பாடு இல்லை, பயமும் பேராசையும்தான் அவர்களைத் தோற்கடிக்கின்றன, சந்தை யாரையும் ஏமாற்றாது, மனதைச் சரிசெய்ய டிரேடிங் உளவியல் என்று ஒரு தனி வகுப்பு இருக்கிறது, அதற்குக் கட்டணம் தனி. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். மறுநாள் அவளை அந்தக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டான்.

நான் அவனைத் திட்டத் தொடங்கினேன். அவள் என்னை நிறுத்தினாள்.

"அவரைச் சொல்லிக் குத்தமில்ல டீச்சர். எனக்குத்தான் மண்டையில ஏறல."

பணம் போனதைவிட இதுதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. ஒரு வீட்டின் சேமிப்பை வாங்கிக்கொண்டு, போகும்போது அவளுடைய அறிவின் மேலிருந்த நம்பிக்கையையும் உருவிக்கொண்டு போனான். ஒரு வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் தோற்றால் தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். நான் மறுநாள் வெட்கமில்லாமல் பிள்ளைகளுக்கு மனக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு கட்டணம் கேட்க முடியுமா? இவன் கேட்கிறான். கட்டவும் ஆள் இருக்கிறது.

கணவரிடம் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. என் வீட்டில் வைத்து, நான் பக்கத்தில் இருக்கும்போது சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. ஜீப் சாவியைக் கையில் திருகிக்கொண்டே கேட்டார். எல்லாம் கேட்டு முடித்ததும் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உங்க போட்டோ இருந்துச்சுல்ல டீச்சர்," என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். எப்படி அந்தப் படம் அங்கே போனது என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வண்டி எடுத்துக்கொண்டு மலை ஏறினார்.

நான் பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு தேனிக்குப் போனேன். வேண்டுமென்றே வேலை நாளாகப் பார்த்து, மார்க்கெட் ஓடுகிற நேரத்தில் போனேன். தினமும் வியாபாரம் செய்து பிழைக்கிறவன் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பான் என்று பார்க்க வேண்டும்.

அவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் போனைப் பிடித்திருக்க, வட்ட விளக்குக்கு முன்னால் நின்று அதே நாலு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மேசையில் இருந்த பெரிய திரைகள் மூன்றும் கறுப்பாக அணைந்து கிடந்தன.

"மார்க்கெட் தொறந்திருக்கு. நீ ஏன் இங்கன வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டேன்.

என்னுடைய டிரேடிங் எல்லாம் முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றான். அப்படியானால் இன்றைக்கு முதல் பத்து நிமிடத்தில் செய்ததைப் போனில் காட்டு என்றேன். அது அந்தரங்கம் என்றான். லாபம் வந்த நாளெல்லாம் திரை போட்டுக் காட்டினாயே, அப்போது அந்தரங்கம் எங்கே போனது என்றேன். வீடியோ எடுத்த பெண் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஒரு நாற்காலியை இழுத்து வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் நின்ற அடுத்த வீட்டுப் பெண், "வாங்க டீச்சர், போயிருவோம்" என்று என் சேலையைப் பிடித்தாள். ஆத்தா, நீ பேசாம உக்காரு என்றேன்.

விசாரிக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். கோம்பையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, போட்டோவில் இருக்கிற டீச்சர்தானே என்று கேட்டார். ஆமாம், நான்தான், இவன் என்னிடம் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை, இவன் பிழைப்பு டிரேடிங்கில் இல்லை, நீங்கள் கட்டுகிற கட்டணத்தில் இருக்கிறது என்றேன். இவள் இவனிடம் படித்தவள், என்ன ஆனது என்று இவளையே கேளுங்கள் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். ஜீப்புக்கு வைத்திருந்த பணம் போனதையும் சொன்னாள். அந்தக் கணவன் மனைவி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள்.

மருந்துக்கடை ஆள் வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், உளவியல் வகுப்புக்குத் தவணையாகக் கட்டலாமா என்று கேட்டார்.

மதியத்துக்குள் அவன் பணிவு தீர்ந்துபோனது. பெண்பிள்ளை என்று பார்க்கிறேன், இல்லையென்றால் வேறு மாதிரி ஆகும், பள்ளிக்கூடத்துக்குப் புகார் எழுதுவேன் என்றான். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"ஏலே, எழுது. என் படத்துக்குக் கீழ எழுதத்தான் உனக்கு நல்லாத் தெரியுமே," என்றேன்.

கடைசியில் அவள் கட்டிய கட்டணத்தை மட்டும் அங்கேயே திருப்பிக் கொடுத்தான். இதோடு போய்விட வேண்டும் என்றான். மார்க்கெட்டில் போனது மார்க்கெட்டில் போனதுதான், அதற்கு நான் பொறுப்பில்லை என்றான். அன்று சாயந்திரமே என் படம் இருந்த எல்லாப் பேனர்களையும் இறக்கிவிட்டார்கள். காவல் நிலையத்துக்கும் போனோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஆபத்து தெரிந்துதான் செய்கிறேன் என்று இந்த அம்மாவே போனில் சம்மதம் கொடுத்திருக்கிறார்களே என்று அங்கே சொன்னார்கள். படிக்காமல் அழுத்திய சம்மதம். மறுபடி அங்கே போகலாம் என்று நான் கூப்பிட்டபோது அவள் வர மறுத்துவிட்டாள். தைக்க வேண்டியது குவிந்து கிடக்கிறது என்றாள். இப்போது காலையிலேயே மெஷின் சத்தம் கேட்கிறது. ஜீப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அவர் இன்னும் அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்டுகிறார்.

அவன் பெரியகுளம் பக்கம் போய்விட்டான். வடுகபட்டியில் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் படத்தைப் போட்டு நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். ஒரு விழாவில் தனக்கு அவன் பொன்னாடை போர்த்தியதாகவும் பையன் தங்கமானவன் என்றும் சொன்னார். அவனை எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். அந்த விழாவிலிருந்துதான் என்றார்.

போன வாரம் ஆசிரியர் ஓய்வறையில் வேறு யாரும் இல்லாதபோது எங்கள் இயற்பியல் ஆசிரியர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நியூட்ரினோ ஆய்வகம் கட்டப் பார்த்த பொட்டிப்புரத்துக்காரர். நம் கண்ணுக்குத் தெரியாத துகள்களைக்கூட ஆதாரமில்லாமல் நம்பக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர். அன்று வேடிக்கை பார்க்க வரவில்லை, நானும் கட்டியிருந்தேன், போய்விட்டது என்றார். வீட்டில் தெரியாது, யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்றார். எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. அன்றைக்கு அந்த ஹாலில் நான் ஒற்றை ஆளாக நின்று கேட்டபோது, இவர் பின்வரிசையில் இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று கோபமும் வந்தது. அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் போனை என் பக்கம் திருப்பினார். திரையில் வேறொரு கோட்டு, வேறொரு ஆள், அதே பச்சைக் கோடுகள்.

"இவரு கோயமுத்தூரு டீச்சர். அந்தப் பயல் மாதிரி இல்ல. நஷ்டத்தையும் காட்டுறாரு," என்றார். "நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்."

அந்தக் கோயமுத்தூர்காரரை வேலை நாளில், மார்க்கெட் ஓடுகிற நேரத்தில் நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஆன்லைன் வகுப்புதானே, நேரில் எதற்கு என்றார். மணி அடித்தது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏற்கனவே கட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வகுப்புக்கு எழுந்து போனார்.